மூஸா பாய் சொன்ன குறை

பாபநாசம் கார் ஸ்டாண்டில் மூஸா பாயின் பேச்சுக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்தது. எந்த டயர் நீடித்து உழைக்கும், கும்பகோணத்தில் எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார், மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா வேண்டாமா என்று எதற்கும் டிரைவர்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரும் லேசில் வாயைத் திறந்துவிட மாட்டார். நாலு இடத்தில் விசாரித்து, இரண்டு டீ சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்வார்.

அந்த மதிப்பை ஒரு கொரியாக் கார் வந்து ஒரே பங்குனியில் கெடுத்துவிட்டுப் போனது.

ஹானுல் என்று கம்பெனிக்குப் பெயர். விலை குறைவு, பார்க்க லட்சணம், ஏசி போட்டால் மார்கழி மாதம். தஞ்சாவூரில் ஷோரூம் திறந்த கையோடு மூஸா பாய் போய் ஒரு வண்டி எடுத்து வந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி அடித்துவிட்டு வந்த பூரிப்பில், “கண்ணை மூடிக்கிட்டு வாங்குடா மச்சான், நான் சொல்றேன்” என்று பஞ்சநதத்தின் தோளைத் தட்டினார். பஞ்சநதமும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பெயிலாகி, ஒரே லாரியில் கிளீனராக இருந்து, மாமன் மச்சான் என்று பழகியவர்கள். மச்சான் சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் பஞ்சநதமும் ஒரு ஹானுல் வாங்கினார்.

அடுத்து வந்தது பங்குனி. இந்தப் பக்கத்தில் பங்குனி பிறந்தால் சாலை சாலையாக இருக்காது. சம்பா நெல் அறுத்த வயலில், தாளுக்கு நடுவே விளைந்த உளுந்துச் செடியைப் பிடுங்கி, காயவைத்து, தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். போலீஸ் கண்டால் திட்டும். போலீஸ் ஜீப் போன பிறகு, அது மிதித்த இடத்தைப் புரட்டிப்போட்டு மறுபடி பரப்புவார்கள். இங்கே பஸ் டிரைவர் முதல் கலெக்டர் ஆபீஸ் டிரைவர் வரை அத்தனை பேரும் சம்பளம் வாங்காத கதிரடிக்கும் ஆட்கள்தான்.

இதெல்லாம் கொரியாவில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? ஹானுலின் வயிறு தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது. ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பஞ்சநதம் வலங்கைமான் சாலையில் போனபோது, உளுந்துச் செடி ஆக்சிலில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. முதலில் நாற்றம் வந்தது, பிறகு புகை வந்தது, கடைசியில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இறங்கி ஓடினார். முகூர்த்தத்துக்கு அவர் டிராக்டரில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அந்தக் கல்யாண வீடியோவில் பெண்ணுக்கு அடுத்தபடி அந்த டிராக்டர்தான் அதிகம் தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். முன்பக்கம் கருகிப்போன வண்டியை இழுத்துக்கொண்டு மூஸா பாயும் பஞ்சநதமும் ஷோரூமுக்குப் போனார்கள். மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, “ரோட்டுல ஓட்டக் கொடுத்த வண்டியை வயல்ல ஓட்டியிருக்கீங்க. இது கம்பெனி பொறுப்புல வராது” என்றார்.

“அது ரோடுதான் சார்” என்றார் பஞ்சநதம்.

“அப்ப உங்க ஊர் ரோட்டுக்கு எங்க வண்டி சரிப்படாது.”

இந்தப் பதில் திருவாரூர் வரைக்கும் பரவியது. அதற்குப் பிறகு டெல்டாவில் ஒருத்தரும் ஹானுல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூஸா பாய் எங்கே போவார்? அவருக்கு இருந்தது இந்த ஒரு ஸ்டாண்டுதான். அவர் மழை வரும் என்றால் பையன்கள் வேண்டுமென்றே வண்டியைக் கழுவினார்கள். அவர் நல்ல பிரியாணி என்று சொன்ன கடையில் கூட்டம் குறைந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பஞ்சநதம் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. மற்றவர்களைப் போல அவரும் “பாய்” என்று கூப்பிட ஆரம்பித்தார். மச்சான் என்ற சொல் அந்த வாயிலிருந்து அப்புறம் வரவே இல்லை. மூஸா பாய்க்கு வலித்தது அதுதான்.

வருஷங்கள் ஓடின. இந்த வருஷம் தை மாதத்தில், புத்தம் புது ஹானுல் ஒன்று ஸ்டாண்டுக்குள் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். செம்மொழி என்று பெயர். தஞ்சாவூரில் மறுபடி திறந்திருக்கும் ஷோரூமில் வேலை.

“மூஸா அண்ணன் யாருங்க?” என்று கேட்டாள். அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன.

“எங்க வண்டியைப் பத்தி இந்த ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் கைகாட்டுறாங்கண்ணே.”

“காட்டுவாங்கம்மா. அவ்வளவு புண்ணியம் தேடியிருக்கேன்.”

செம்மொழி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். முன்னால் நடந்தது கம்பெனியின் தப்பு என்று முதலில் ஒப்புக்கொண்டாள். வண்டியை உயர்த்தி, அடியில் முழுத் தகடு போட்டிருக்கிறார்கள். வாரண்டியை நீட்டியிருக்கிறார்கள். பழைய வண்டியால் அவதிப்பட்டவர்களைத்தான் முதலில் தேடிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பர்மிட்டெல்லாம் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும். உளுந்து சீசன் முடிகிற வரைக்கும் இந்த வண்டியை அவர் சவாரிக்கு ஓட்டலாம். அப்புறம் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி நல்லதோ கெட்டதோ சொல்ல வேண்டும்.

“உளுந்து சீசன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அம்மாவும் ரோட்டுல உளுந்து பரப்புறவங்கதாண்ணே. வலங்கைமான் ரோட்டுல.”

“அப்ப உங்க அம்மா பார்த்த வேலைதானா அது” என்று மூஸா பாய் முனகினார்.

சாவியை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் தவித்த தவிப்பு அவருக்குத்தான் தெரியும். வண்டி இன்னொரு தடவை நின்றால் ஜென்மத்துக்கும் தலைநிமிர முடியாது. நிற்காமல் ஓடினால், அன்றைக்குச் சொன்ன சொல் முழுப் பொய்யில்லை என்றாவது ஆகும். ஓரக்கண்ணால் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் மும்முரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. மூஸா பாய் சாவியை வாங்கிக்கொண்டார்.

வண்டியில் குறை கண்டுபிடிப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார். துபாயிலிருந்து வந்தவர்களின் கம்பளியும் பால்பவுடரும் பெட்டி பெட்டியாக ஏற்றினார். வெண்ணாற்றங்கரைச் சேற்றில் விட்டார். பறவை பார்க்க வந்த ஒரு குடும்பத்தைக் கோடியக்கரைக்குக் கூட்டிப்போய், உப்புக்காற்றில் நாள் முழுக்க நிறுத்திவைத்தார். வண்டி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மெல்ல மெல்ல அவருக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. காலையில் துடைக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். மனைவி ஜன்னத் பீவி, “என்னங்க, எனக்கு ஒரு பூ வாங்கித் தந்து எத்தனை நாளாச்சு, காருக்கு மட்டும் தினமும் குளியலா?” என்று கேட்டதும்தான் அவருக்கே அது தெரிந்தது.

பங்குனியில் பெரிய பரீட்சை வந்தது. செம்மொழியின் அம்மா அம்சம், வலங்கைமான் சாலையில் முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தாள். வேடிக்கை பார்க்க ஸ்டாண்டே சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தது. மூஸா பாய் மனதுக்குள் பிஸ்மி சொல்லிவிட்டு வண்டியை விட்டார். போனார், திரும்பினார், மறுபடி போனார். நாற்றமும் இல்லை, புகையும் இல்லை. பையன்கள் விசிலடித்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் இந்த ஓரமா ஏத்துங்க தம்பி, அங்க சரியா மிதிபடலை” என்று அம்சம் கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். பரீட்சையில் யாருக்கு ஜெயமோ, மத்தியானத்துக்குள் அவள் உளுந்து முழுவதும் உதிர்ந்துவிட்டது.

அன்றைக்கே நாலைந்து பேர் செம்மொழியிடம் வண்டி நிறம் விசாரித்தார்கள். பஞ்சநதம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது வண்டியின் பானெட்டை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அதைப் பார்த்த மூஸா பாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தினமும் உளுந்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டி, சித்திரை வெயிலில் ஒருநாள் வலங்கைமானைத் தாண்டும்போது மெதுவாக மூச்சு வாங்கியது. சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. மூஸா பாய் வேப்பமரத்தடியில் ஒதுக்கி பானெட்டைத் திறந்தார். அடியில் தகடு போட்டிருந்தார்கள், சரிதான். ஆனால் முன்பக்கச் சந்து வழியாக உளுந்தம்பொட்டு, அந்தத் தூசியும் தும்பும், நாளுக்கு நாள் உள்ளே புகுந்து ரேடியேட்டரை மெத்தை மாதிரி மூடியிருந்தது. கையால் வழித்தார். நடுவே முழு உளுந்தும் கிடந்தது. ஒரு வேளை இட்லிக்கு ஆகும் போலிருந்தது. சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றியதும் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

சாலையில் ஈ காக்கை இல்லை. யாரும் பார்க்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னத் பீவி காரணத்தைக் கேட்டு வாங்கினாள்.

“இது பெரிய குறையே இல்ல. பொட்டைத் தட்டிவிட்டா முடிஞ்சுபோச்சு. இதைப் போய் சொன்னா ஹானுல் மறுபடி நின்னுடுச்சுன்னுதான் ஊர் பேசும். சொல்லலேன்னா பஞ்சநதம் வண்டி எடுத்துடுவான். என்கிட்ட பழையபடி பேசுவான்.”

அவள் மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள். “அந்தத் தடவை வண்டி நின்னதுக்கா அவரு உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டாரு? கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு சொன்னீங்களே, அதுக்குத்தானே. இப்பவும் அவரைக் கண்ணை மூடச் சொல்றீங்க. சாப்பிடுங்க, மீன் ஆறுது.”

மீன் அன்றைக்கு அவருக்கு ருசிக்கவில்லை.

கடைசி நாளில் கம்பெனி ஸ்டாண்டில் சாமியானா போட்டிருந்தது. ஆளுக்கொரு பாதாம் பால். செம்மொழி வாயெல்லாம் பல்லாக மைக்கை நீட்டினாள். மூஸா பாய் தொண்டையைச் செருமினார்.

“வண்டி நல்ல வண்டி. இழுக்குது, சொகமா இருக்குது, உளுந்து ஆக்சில்ல சுத்தல. ஆனா ஒரு குறை இருக்கு. பொட்டு உள்ள போயி ரேடியேட்டரை அடைக்குது. எனக்கு வலங்கைமான்கிட்ட சூடு ஏறி நின்னுச்சு. யாரும் பார்க்கல. நான்தான் சொல்றேன். இதைச் சரிபண்ணாம யாரும் எடுக்காதீங்க.”

பாதாம் பால் டம்ளர்கள் பாதியில் கீழே இறங்கின. செம்மொழியின் முகம் வாடியது, பாவம். அவள் வேலையும் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் மறுத்துப் பேசவில்லை. பானெட்டைத் திறந்து படம் எடுத்தாள், அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டாள். பஞ்சநதம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மூலையில் ஒட்டியிருந்த பொட்டை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார். துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். முடிந்தது கதை என்று மூஸா பாய் நினைத்தார்.

ஆனால் இந்த முறை, உங்கள் ஊர் ரோட்டுக்கு எங்கள் வண்டி சரிப்படாது என்று யாரும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து இரண்டு இன்ஜினீயர்கள் வந்தார்கள். கூடவே ஒரு கொரியாக்காரரும் வந்தார். கடைசி உளுந்து பரப்பியிருந்த அம்சத்தின் சாலையோரம் வெயிலில் நின்று பார்த்தார்கள். சும்மா நிற்கிற ஆட்களை அம்சத்துக்குப் பிடிக்காது. கொரியாக்காரர் கையில் ஒரு கவையைக் கொடுத்துவிட்டாள். அவரும் சிரித்தபடி செடியைப் புரட்டினார். குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுகிற நெருக்கமான கம்பி வலை வந்து சேர்ந்தது. கழற்றி, உதறி, மாட்டிக்கொள்ளலாம். டெல்டாவில் விற்கும் எல்லா ஹானுலுக்கும் அது இனாம்.

அதன் பிறகு ஸ்டாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஹானுல் வந்து நின்றது. “அவரே குறை சொல்லி, அந்தக் குறையையும் சரிபண்ண வச்சாரே, அப்புறம் என்ன” என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். செம்மொழி பாபநாசம் பக்கம் வரும்போதெல்லாம் மூஸா பாய்க்கு அம்மா கொடுத்ததாக உளுந்து கொண்டுவந்தாள். அவரும் சொந்தமாக ஒன்று எடுத்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. பஞ்சநதம் மட்டும் பழைய வாடகை வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க நம்பி என்ன, அவன் நம்பவில்லையே என்று மூஸா பாய் உள்ளுக்குள் குமைந்தார்.

ஆவணியில் ஒருநாள் காலை, மாலை போட்ட ஒரு வெள்ளை ஹானுல் அவர் வண்டியை ஒட்டி வந்து நின்றது. அதிலிருந்து பஞ்சநதம் இறங்கினார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் பொண்ணுக்கு வலங்கைமான்ல ஒரு இடம் வந்திருக்கு. பையன் பேங்க்ல வேலை. எல்லாரும் நல்ல இடம்னுதான் சொல்றாங்க.” சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “நீ ஒரு நடை போயி நாலு இடத்துல விசாரிச்சுட்டு வா மச்சான்.”

மூஸா பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வெயிலைத் திட்டினார்.

“குறை இருந்தா சொல்லிடுவேன்டா.”

“அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்” என்றார் பஞ்சநதம்.

மூஸா பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைப்பக்கம் திரும்பி இரண்டு டீ சொன்னார்.