என் எடைக்கு முறுக்கிய கம்பி

அன்று மழை பெய்ததா என்பது சரியாக நினைவில்லை. தங்கையின் கணவர் சொன்னது மட்டும் மறக்கவில்லை. தனித்தனிப் பாகங்களாக வாங்கி நாங்கள் இருவரும் நண்பர்களின் ஷெட்டில் பூட்டிய ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்தில் நின்று சொன்னார்.

"மச்சான், உங்க தொப்பைக்கு இந்த சீட் தாங்காது. பந்தயத்துல நானே ஓட்டிக்கிறேன்."

ஷெட்டே சிரித்தது.

"சரி மாப்பிள்ளை" என்றேன்.

காரின் பாரத்தைத் தாங்கும் பின்சக்கர சஸ்பென்ஷன் கம்பிகளை, ஓட்டுபவரின் எடை சீட்டில் இருக்கும்போதுதான் சரிசெய்ய வேண்டும். ஓட்டப்போவது அவர் என்று தெரிந்தும், நான் என் எடைக்கு மணல் மூட்டைகளை சீட்டில் அடுக்கி, கம்பிகளை முறுக்கி, நட்டுகளை இறுக்கினேன்.

பந்தயத்தில் ஒல்லி மாப்பிள்ளையை வளைவுக்கு வளைவு கார் வெளியே தள்ளியது. கடைசியாக வந்தார்.

"என்ன மச்சான் இது?"

நான் ஏறி ஒரு சுற்று ஓட்டினேன். கார் சொன்னபடி கேட்டது. "தொப்பை வேணும் மாப்பிள்ளை" என்றேன்.

பிறகு காரை விற்றோம். அவர் பந்தயத்தை விட்டுவிட்டார். தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை.