ஒரு சதவீதத்துக்குக் கீழே

காகிதத் தட்டுத் தொழிற்சாலையின் பூச்சு அறைக்குள் கால் வைத்ததுமே ஆய்வாளருக்குக் கண் கரித்தது. ஒரு பொருள் மரத்தில் தொடங்கிக் குப்பையில் முடியும் வரை மண்ணுக்கும் காற்றுக்கும் மனிதருக்கும் என்ன கெடுதல் செய்கிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. இந்தத் தட்டின் கணக்கை முடித்துவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டால் தீங்கற்ற தட்டு என்று உறையில் அச்சாகிவிடும்.

இயந்திரத்தருகே நின்ற பூச்சுக்காரப் பெண் தன் முகக்கவசத்தைக் கழற்றி நீட்டினாள்.

"போட்டுக்க தங்கச்சி. புதுசா வர்றவங்களுக்குத் தலை சுத்தும்."

"உங்களுக்கு, அக்கா?"

"எனக்கென்ன! என் மூக்கு போன வருஷமே ராஜினாமா குடுத்துடுச்சு. அடுப்புல கருகினாக்கூட எங்க வீட்டுக்காரர் கத்தினாத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள். ஆய்வாளர் இயந்திரத்தின் பூச்சுத் தொட்டியைப் பார்த்தாள். தட்டு நனையாமலிருக்கப் பூசும் அந்தத் திரவத்தை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாம் என்பது விதி. நஞ்சென்றால் துளியையும் விடக்கூடாது என்பதும் அதே விதிதான். எடையைப் பார்த்தவள், அது என்ன சரக்கு என்று கேட்காமல் விட்டுவிட்டாள்.

முதலாளியின் அறைக்குப் போகையில், கடவுளே, வாயை மட்டும் திறந்து விடு என்று வேண்டிக்கொண்டாள்.

"கணக்கு தப்பு சார். பூச்சை விட்டுட்டேன். அங்க நிக்கிறவங்களுக்கு வாசனையே தெரியல."

முதலாளி குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தப்பு பண்ணது நீ. ஊரெல்லாம் சிரிக்கப்போறது என்னைப் பாத்தா? உன் மேலதிகாரிக்கு இது தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார்."

அவர் ஆளனுப்பிப் பூச்சுக்காரியை வரவழைத்தார். வாசலிலேயே நின்றுவிட்ட அவள் முகம் வெளிறியிருந்தது. "நான் என்ன தப்பு பண்ணேன் தங்கச்சி?" என்றாள் மெல்ல.

ஐயோ, இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று ஆய்வாளர் நினைத்தாள்.

"உனக்கு வாசனை தெரியாதாமே?" என்றார் முதலாளி.

"யார் சொன்னது? எல்லாம் நல்லாத் தெரியுதுங்கய்யா."

"கேட்டியாம்மா?" என்று ஆய்வாளரைப் பார்த்தவர், மேசையில் மூடியிட்டிருந்த கோப்பையைத் திறந்து பருகப்போனார். புதுக் காப்பியின் மணம் அறையைத் தூக்கியது.

பூச்சுக்காரி நல்லபேர் வாங்கும் அவசரத்தில் சொன்னாள்: "இதோ, ஐயாவோட டீ வாசம் கூட வாசல் வரைக்கும் வருதுங்களே."

முதலாளி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தார். பிறகு எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா."

"வேலை போயிடுமாய்யா?"

"போகாது. முதல்ல டாக்டரைப் பாரு. அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு." தொலைபேசியை எடுத்தார். "பூச்சு மெஷினை நிறுத்துங்கப்பா."

அவள் நம்பாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஆய்வாளர் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலதிகாரியிடம் இனித்தான் சொல்லவேண்டும். அந்தப் பயம் அப்படியே இருந்தது. ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.