முன்வாசல் வழியாக

ஸ்ட்ரெச்சரைப் பின்வாசல் பக்கம் திருப்பியவர்களுக்குக் குறுக்கே போய் நின்றாள் அவள். தையல் கடையிலிருந்து ஓடி வந்தவள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கும்மா. வேன் பின்னால நிக்குது," என்றார் கான்ட்ராக்டர்.

"உசுரு போனப்புறம் என்ன அவசரம்? கீழ வைங்க."

வைத்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தாள். 'ஊரு சட்டையெல்லாம் தைக்கிற, என் சட்டைக்கு ஒரு பொத்தான் இல்ல' என்று காலையில் சண்டை போட்டுவிட்டுப் போன முகம்.

வெள்ளைக்காரன் காலத்து அலுவலகம் அது. முன்சுவரில், மாடி உயரத்தில், ஒரு சூரியக் கடிகாரம். சுவரிலிருந்து நீட்டிய இரும்புக் கம்பியின் நிழல் எண்கள்மேல் விழுந்து மணி காட்டும். மங்கிப்போன எண்களைப் புதிதாக எழுதி, இன்று பெரிய மனிதர்களை அழைத்துத் திறப்பதாக ஏற்பாடு. எழுதிக்கொண்டிருந்தவன் அவள் கணவன். நெட்டையன், கூட்டாளிகள் வைத்த பெயர் 'ஏணி'. 'ஏணிக்கு எதுக்குடா ஏணி' என்று கேலி செய்வார்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும் என்று சாரத்தை நேற்றே பிரித்துவிட்டு, ஒரு மூங்கில் ஏணியைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது வழுக்கிவிட்டது.

கான்ட்ராக்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஏறச் சொல்லலம்மா. அவனாதான் ஏறினான், விளையாட்டுக்கு."

"கையில பிரஷ்ஷோடவா விளையாடினாரு?"

இன்ஜினியர் வாட்சைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி வந்தார். "கெஸ்ட் வர்ற நேரம்மா. பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் கேட்டா நீங்களும் அவராதான் ஏறினாருன்னு சொல்வீங்க. இப்பவே சொல்லுங்க. சாரத்தப் பிரிக்கச் சொன்னது யாரு?"

கணவனின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதால் ஆறுதல் சொல்வதுபோல் கையைப் பிடித்து நகர்த்திவிடுவார்கள்.

"போலீஸக் கூப்பிடவா?" என்றார் இன்ஜினியர்.

"கூப்பிடுங்க. அவங்க முன்னாலயும் இதத்தான் கேப்பேன்."

பெயின்ட் கலக்கிக் கொடுக்கும் சித்தாள் வாளியைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிரிக்காதீங்கன்னு அண்ணன் கெஞ்சுச்சு. நான் கூடதான் நின்னேன். பிரிக்கச் சொன்னது இந்த இன்ஜினியர் சாருதான்."

"நாளைக்கு வேலை வேணாமா உனக்கு?" கான்ட்ராக்டர் சீறினார்.

"நாளைக்கு யார ஏத்தி விடுவீங்க?"

சுவரோரம் நின்ற பெயின்டர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

இன்ஜினியர் வாசலைப் பார்த்தார்; தரையில் இருந்தவர்களைப் பார்த்தார். "சரி. நான்தான் பிரிக்கச் சொன்னேன். வேலை பாக்கும்போதுதான் செத்தான். போதுமா?"

"செத்தான் இல்ல சார். செத்தாரு."

யாரும் அசையவில்லை.

"செத்தாரு," என்றார்.

அவள் எழுந்தாள். "வேன முன்வாசலுக்கு வரச் சொல்லுங்க."

அவளையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியபோது எதிரே வரிசையாகக் கார்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.

"ஒதுங்கி வழி விடட்டுமாம்மா?" என்றார் டிரைவர்.

"வேணாம். நேரா போங்க."

முதல் கார் நின்றது. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன. வாசல் மேட்டில் வேன் குலுங்கியதில் அவன் கை ஸ்ட்ரெச்சரிலிருந்து சரிந்து தொங்கியது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.