நெஞ்சுவலி இல்லாதவர்கள்

டாக்டர் கோமளம் பல வருஷங்களாக ஒரே ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்தினாள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சோம்பிப்போனால் இதயமும் சோம்பிப்போகும். மாத்திரை கொடுத்தால் சுரப்பியின் குறை தீர்ந்து இதயம் எழுந்துகொள்ளும். ஆனால் எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் வயதானவர்களின் இதயம் தாங்குமா? தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றன பாடப் புத்தகங்கள். அந்தக் கொஞ்சம் கொஞ்சத்துக்குள் ஏழைகள் நடையாய் நடந்து அலுத்துப்போய் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள் என்பது கோமளத்தின் கோபம். முழு அளவையே தாங்குவார்கள் என்று நிரூபிக்கக் கிளம்பினாள். கபாலி கோயில் தேரை நகர்த்தினாலும் நகர்த்தலாம், இவளை நகர்த்த முடியாது என்று அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் சொல்வதுண்டு.

அடையாறில் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்கு, ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்துதான் பெரும்பாலும் ஆட்கள் வந்தார்கள். பரிசோதனை இலவசம், முழு அளவு மாத்திரையும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: மார்வலி வந்தால் மாத்திரையை நிறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அந்த நன்மை, வலி என்று வாயைத் திறந்தால் மாத்திரை போச்சு என்றுதான் போய்ச் சேர்ந்தது. நன்மை செய்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

தேவானை அங்கே முதன்முதலில் வந்தபோது முகம் அதைத்து, குரல் கட்டி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தூங்கிவிடுவாள் போலிருந்தாள். மாத்திரை சாப்பிட்டுச் சில மாதங்களில் தண்ணீர் லாரியில் முதல் ஆளாய்க் குடத்தோடு நின்று சண்டை போட்டாள். கோமளத்துக்கு அவளைப் பார்த்தாலே பெருமை. ஒவ்வொரு தடவையும் மார்வலி உண்டா என்று கேட்பாள். இல்லவே இல்லை என்று தேவானை சிரிப்பாள்.

முழு அளவால் யாருக்கும் மார்வலி வரவில்லை என்று கோமளம் எழுதிய கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்ட வாரம் தேவானை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கோமளமே தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். குடிசை வாசலில் தேவானையின் புருஷன் கோதண்டபாணி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து, டாக்டரம்மாவுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் லாரியிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது விழுந்தவள்தானாம், எழுந்திருக்கவில்லையாம்.

முன்னாடி வலி ஏதாவது இருந்ததா என்று கோமளம் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"ரொம்ப நாளா நெஞ்ச புடிச்சிகினு ஒக்காரும்மா. உங்களாண்ட சொல்ல வேணான்னு நான்தான் சொன்னேன். சொன்னா மாத்தரய நிறுத்திருவீங்க. பழையபடி பாயில கெடக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தேவானை வாயைத் திறக்காமல் கெட்டாள்.

கோமளம் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. ஒரு சாவை வைத்து இத்தனை வருஷ வேலையைக் குப்பையில் போடலாமா என்று ஸ்ரீனிவாசராகவன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாருமே மறைச்சிருப்பா. நான் மருந்தை அளக்கலை, அவா பயத்தை அளந்துண்டு இருந்திருக்கேன்," என்றாள். மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிப் போட்டாள். இத்தனை வருஷ உழைப்பு போனதில் வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. இன்னும் எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்களோ, யார் கண்டது?

எல்லோரையும் வரவழைத்தாள். வலி இருந்தாலும் மாத்திரை நிற்காது, என்மேல் ஆணை, உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். முதலில் உள்ளே வந்தவள் தேவானையின் பக்கத்துக் குடிசை வைதேகி. மாடி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"மார்ல வலி உண்டா, வைதேகி?"

"இல்லம்மா. நல்லா கீறேன்."

தேவானைக்கு ஆனது தெரியும் அல்லவா என்று கோமளம் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் தண்ணீர் பிடிக்கப் போவார்களாம். கோமளம் மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில்தான் வந்தது.

இனிக் கேட்டுப் பயனில்லை. எல்லோருக்கும் அளவைக் குறைத்துவிடுவது என்று கோமளம் முடிவு செய்தாள். சின்ன மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். வைதேகி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"வலி இல்லேன்னுதானம்மா சொன்னேன். அப்புறம் ஏன் கொறைக்கிறே?"

உன் உயிருக்காகத்தான் என்று கோமளம் சொன்னாள். வைதேகி அதை நம்பவில்லை. வெளியே போய் பெஞ்சில் இருந்தவர்களிடம் என்னவோ சொன்னாள். அடுத்து வந்தவள், கோமளம் நிமிர்ந்து பார்ப்பதற்குள், வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.