பங்களாவில் முளைப்பாரி

சண்முகவடிவைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரத் துரையை வாரக் கணக்கில் போஞ்சிக்காயும் லீக்ஸ் தண்டும் தின்ன வைத்தாளே, அதற்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை.

திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரன். பங்களாச் சமையல்காரனை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியும் எங்கள் துரை ஊருக்குப் போகாமல் இருந்தார். அந்த வருஷ மழைக்காலத்தில் துரைசாணியின் அம்மா சீமையிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய் எடுத்து வந்தவன் நான்தான். உள்ளே மரத்தூளுக்குள் ஊதாத் தோல் போர்த்திய கிழங்குகள், பெரிய வெங்காயம் மாதிரியே. அப்பு அதை உரித்துக் குழம்பில் போட்டுவிட்டான் என்று கதை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போகட்டும். எனக்கு வெங்காயம் எது என்று தெரியும்.

ஹயசிந்த் என்று அந்தப் பூவுக்குப் பெயராம். துரைசாணி கண்ணாடிக் கிண்ணங்களில் கூழாங்கல் பரப்பி, கிழங்குகளை உட்காரவைத்து, அடியில் தண்ணீர் ஊற்றினார். குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் எல்லாவற்றையும் அடுக்கி, ஜன்னலைச் சாக்கால் மூடினார். உள்ளே இருட்டாகவே இருக்க வேண்டும், யாரும் திறந்து பார்க்கக் கூடாது, தண்ணீர் குறைந்தால் மட்டும் ஊற்ற வேண்டும் என்று சொல்லிச் சாவியைச் சண்முகவடிவிடம் கொடுத்தார்.

"யாருக்காகம்மா இது?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"என் அம்மா. ரொம்ப சீக்கு. அம்மா அனுப்பினது. பூ வரணும்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லித் துரைசாணி கண்ணைத் துடைத்திருக்கிறார்.

போதாதா இவளுக்கு? நேராகக் குசினிக்கு வந்தாள்.

"அது மொளப்பாரிங்க. தாய் பொழைக்கணும்னு நேந்துக்கிட்டு வச்சிருக்காங்க."

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது இப்படித்தான். இருட்டறையில் விதையைத் தூவி, தண்ணீர் தெளித்து, வேற்றுக் கண் படாமல் வளர்ப்பார்கள். அதை ஆற்றில் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் அந்த வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறக் கூடாது. பங்களா அடுப்பிலும் இனி ஏறக் கூடாது என்றாள் சண்முகவடிவு.

"அடியே, அந்த மனுசனுக்கு எறச்சி இல்லாம சோறு எறங்காதுடி!"

"பெத்த தாய்க்கு நேந்துக்கிறதுல வெள்ளைக்காரங்க என்ன, நாம என்ன? கவிச்சி பட்டு அது அழுகிப் போச்சுன்னா அந்தப் பாவத்த யாரு சொமக்கிறது? நீங்க கறி ஆக்குனா நான் சாவியக் குடுத்துட்டு லயத்துக்குப் போயிடுறேன்."

துரைக்குப் பயப்படுவதா, பெண்டாட்டிக்குப் பயப்படுவதா? ஒரே கூரைக்குள் படுக்கிறவளுக்குத்தான் பயந்தேன். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் இறைச்சி அனுப்பும் மஃறூப் நானாவிடம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துரையிடம், மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது என்றேன். மழைக்காலம், நம்பிவிட்டார். பலாக்காயில் கட்லட், காளானில் சூப், போஞ்சியில் என்னென்னவோ செய்து ஒப்பேற்றினேன். துரையின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

கடைசியில் நானுஓயாவில் துரையும் மஃறூப் நானாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரோட்டுக்கு என்ன தொர, நல்லாத்தானே இருக்கு! ஒங்கட அப்புதானே எறச்சி வாணாம்னு சொன்னாரு!"

துரை வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஓங்கி அறைந்தார். "அப்பு! பொய் சொல்றது! நாளைக்குப் பத்துச்சீட்டு!"

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதற்கான கடுதாசி. அதைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் தோட்டம் தோட்டமாய் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான். சண்முகவடிவு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவர ஏசாதீங்க தொரே. கறி வேணாம்னது நானு. தொரசாணியம்மாவோட அம்மா பொழைக்கணும்னு வச்ச மொளப்பாரிங்க அது."

துரைசாணி அவளை மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் கைத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார். முகத்தை நிமிர்த்தியபோது இரண்டும் இருந்தது. பிறகு துரையிடம் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்.

"சரி," என்றார் துரை. "பூ வந்தா அப்பு இருக்கும். பூ வராட்டி அப்பு போகும். பொய் பொய்தான்."

"அதுவரைக்கும்?" என்றார் துரைசாணி.

துரை தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போஞ்சி."

போன வருஷம் வந்த கிழங்குகள் இந்த ஈரத்தில் அழுகிப் போனதாகத் துரைசாணி அப்புறம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என்னைப் போல் ஒரு பக்திமான் தோட்டத்தில் இல்லை. அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நடந்ததில்லை. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் பின்கட்டில் கும்மி தட்டிப் பாடினார்கள். துரைசாணியும் தாளம் தப்பித் தப்பித் தட்டினார். துரைமார் கிளப்பில் வேலை பார்க்கும் சின்னத்தம்பி ஒருநாள் வந்து, "ஒங்க தொர கறிய ஒதுக்கிட்டு வெறும் உருளக்கெழங்கு திங்கிறாருண்ணே, வயிறு சரியில்லையாம்," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

கிண்ணங்களை வெளியே எடுத்தபோது முளைகள் வெளுத்துக் கிடந்தன. ஜன்னலோரம் வைத்ததும் பச்சை பிடித்தன. மொட்டு மட்டும் அசைய மாட்டேன் என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் அடுப்பு மூட்டப் போனேன், குசினியெல்லாம் வாசனை. ஓடிப் பார்த்தால் தண்டைச் சுற்றி நெருக்கமாக நீலப் பூக்கள், தொடுத்து வைத்த சரம் மாதிரி.

"அம்மா! பூத்திருச்சும்மா!" என்று கத்திக்கொண்டு படுக்கையறை வரைக்கும் ஓடிவிட்டேன்.

அந்த வாரமே தந்தி வந்தது. துரைசாணியின் அம்மா எழுந்து நடக்கிறாராம். சீமை டாக்டர்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சண்முகவடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

பூ வாடியதும் கிண்ணங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஆற்றுக்குப் புறப்பட்டார்கள். தண்ணீரில் பூத்த கிழங்கு மறுபடி பூக்காது என்று துரைசாணியே சம்மதித்து, ஒரு கிண்ணத்தைத் தானும் தூக்கிக்கொண்டார். தப்பு மேளம் முழங்கியது. கடைசியாகத் துரை வந்தார், சண்முகவடிவின் உத்தரவுப்படி சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. கிழங்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போயின. துரைசாணி அழுதுகொண்டே சிரித்தார்.

துரை தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அட்டை கடித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரத்தம் குடுத்தாச்சு," என்றார் சண்முகவடிவிடம். "இப்ப எறச்சி சாப்பிடலாம்?"

துரைக்கு முன்னால் ஒருநாளும் சிரிக்காதவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சாப்புடுங்க தொரே!"

துரை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த தடவை பொய் வேணாம் அப்பு. என்கிட்ட முதல்ல சொல்லு. எனக்கும் அம்மா இருக்கு."

குனிந்து அவர் காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன்.