டயருக்குள் இருந்த சாட்சி

சைக்கிள் வழியில் பஞ்சரானால் ஒரு போன் போதும், பெட்டியோடு வந்து நிற்பார் ஒட்டுக்காரர். தொழிலுக்குப் பெயர் ‘நடுவழி’. அதன் கீழே ‘நில்லுங்க, வர்றோம்’ என்று ஒரு வாசகம். இரண்டும் மனைவி யோசித்தவை. எட்டு வருடமாக அவைதான் சோறு போடுகின்றன.

இப்படியிருக்க, இதே வேலைக்குப் பன்னிரண்டு வேன் வைத்திருந்த ஒரு கம்பெனி அதே பெயரையும் வாசகத்தையும் வேன்களில் எழுதிக்கொண்டது. அதோடு விட்டதா? ஐந்து வருடமாக எங்களுடையது, நீ எப்படி வைக்கலாம் என்று இவருக்கே நோட்டீஸ் விட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்.

வக்கீல் சொன்ன ஃபீஸில் ஒட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. மனைவி அசரவில்லை. வணிகப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வரிசையில் நின்று விசாரித்து வந்தாள். படமும் கலரும் வேண்டாம்; பெயருக்கு ஒன்று, வாசகத்துக்கு ஒன்று என்று வெறும் எழுத்துக்கு, ஒரே தொழில் பிரிவில் நாமே விண்ணப்பம் போடலாம், வக்கீல் ஃபீஸில் பாதிகூட ஆகாது என்றாள். ஆனால் கம்பெனிக்கு முன்னாலேயே பயன்படுத்தியதற்குத் தேதியோடு சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடும்.

பில் புத்தகம் என்ற ஒன்றை ஒட்டுக்காரர் கண்ணால் கண்டதில்லை. அவரிடம் இருந்தது ஓர் இரும்பு அச்சு. ஒட்டுகிற ஒவ்வொரு ரப்பர்த் துண்டிலும் பெயர், வாசகம், மாதம், வருடம் நான்கையும் சூடாகப் பதித்துவிடுவார். அப்படியென்றால் சாட்சியெல்லாம் ஊர்ச் சைக்கிள்களின் டயருக்குள் அல்லவா கிடக்கிறது! மனைவி போனை எடுத்தாள்.

விசாரணை நாளன்று பதிவு அலுவலக மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. வாடிக்கைக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல், தோளில் ட்யூபைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒட்டுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வேலைக்குப் போகிற நாளில் டயரைக் கழற்றிவிட்டு நடந்தே வந்திருக்கிறார்கள், இந்தப் பஞ்சர்காரனுக்காக.

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் மூன்று, நான்கு வருடத்து ஒட்டுகள். அதற்கு மேல் எந்த ட்யூப் தாங்கும்? கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போது நைட் டியூட்டி முடித்த உடுப்போடு ஒரு நர்ஸம்மா உள்ளே வந்தார். பையிலிருந்து சின்னஞ்சிறு ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தார். மகள் நாலு வயதில் ஓட்டியதாம். பிள்ளை வளர்ந்துவிட்டாள், சைக்கிள் மட்டும் பரணில் அப்படியே கிடந்ததாம். அதிகாரி மாதத்தையும் வருடத்தையும் உரக்கப் படித்தார். ஏழு வருடம் முந்தையது. கம்பெனி ஆள் ஃபைலைக் கட்டினான். அதிகாரி ஒட்டுக்காரரின் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் நர்ஸம்மா சொன்னார்: “சின்னப் புள்ள சைக்கிள்தானேன்னு விடாம, அதுக்கும் அச்சுப் போட்டீங்களே. என்ன அக்கறை உங்களுக்கு!”

ஒட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கறையெல்லாம் இல்லம்மா. வேற எவனோ போட்ட ஒட்டைக் காட்டி, இலவசமா சரிபண்ணுன்னு ஏமாத்திருவீங்களோன்னு பயம். ஊர்ல ஒருத்தரையும் நம்பாமத்தான் அச்சே அடிச்சேன்.”

“அது எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியுமே,” என்று சிரித்தார் நர்ஸம்மா.