வெளித்தையல் ஜபலா

ஜபலா என்ற பேரைக் கேட்டாலே சிரிக்கிற ஆளைக் கொண்டுவந்து, கைக்குழந்தைத் துணிக்குச் செக்கிங் பார்க்க வைத்தால் விளங்குமா? அந்தத் தையல் கூடத்தில் எல்லாரும் மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. வாய்விட்டுக் கேட்டவள் ஒருத்தி மட்டும். கையில்லாத, காலரில்லாத, முதுகில் நாடா வைத்துக் கட்டுகிற அந்தக் குட்டிச் சட்டையைப் பதினெட்டு வருஷமாகத் தைத்துத் தைத்து, சொந்தப் பேரே போய் ஜபலாக்கா ஆகிவிட்டவள்.

செக்கிங் சார் அதற்கு முன்னால் ஜீன்ஸ் கம்பெனியில் இருந்தவர். வந்த அன்றே, "ஜபலாவா? அது எந்தக் காலத்து வார்த்தை!" என்று சிரித்து, ஆர்டர் தாளில் 'இன்ஃபன்ட் சம்மர் டாப்' என்று மாற்றி எழுதினார். காகிதம்தானே, போகட்டும் என்று ஜபலாக்கா விட்டுவிட்டாள். பத்தாம் நாள் காலையில் வந்தது வினை. மறுநாள் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நூற்றிருபது ஜபலாவையும் மேஜையில் கொட்டி, ஒன்றைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னக்கா இது? வாத்துப் படம் வெளியில இருக்கு, சரி. தையலும் லேபிளும்கூட வெளியில இருக்கே?"

"ஜபலாவுக்கு அப்படித்தான் சார் வரணும்."

"யார் சொன்னது?"

"பிள்ளையோட தோல் சொன்னது."

பக்கத்து மெஷினில் துணியோரம் அடிக்கிற ஓவர்லாக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். சாருக்கு மூக்கு சிவந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சு, தையலையும் லேபிளையும் உள்பக்கம் விட்டுத் தைங்க. சாயந்திரத்துக்குள்ள முடியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீங்க நூல் வெட்டுற மேஜைக்குப் போயிடுங்க. உங்க மெஷினுக்கு வேற ஆள் வரும்."

ஜபலாக்கா தன் மெஷினைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் மிதித்த மெஷின்! சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கியதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அதை விட்டு எழுந்துபோய்ப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிரு என்றால் என்ன அர்த்தம்? அதைவிட இன்னொன்று அவளைச் சுட்டது. பிறந்து இரண்டு நாளான பிள்ளை, வெயில் காலம், அக்குளில் வேர்வை, அங்கே போய் முரட்டு நூல் உராய்ந்தால் தோல் உரிந்துவிடாதா? பாவம், அதற்கு அழத்தான் தெரியும். அழுதால் பசி என்று பாலைக் கொடுப்பார்கள், சட்டையைக் கழற்றிப் பார்க்கவா போகிறார்கள்?

மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சார் விடுவாரா? ஓவர்லாக்காரியைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். அவள் என்ன செய்வாள், பிழைப்பாயிற்றே, தலையைக் குனிந்துகொண்டு பிரித்தாள். மத்தியானத்துக்குள் இருபத்தாறு ஜபலா துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு தையல் பிரியும்போதும் ஜபலாக்கா பல்லைக் கடித்தாள்.

மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்தார். சார் ஓடிப்போய், "மேடம், இந்தக்கா சொல் பேச்சே கேக்கமாட்டேங்கறாங்க. எல்லாமே தப்பா தச்சு வச்சிருக்காங்க, பாருங்க" என்று மேஜையில் குனிந்து ஒன்றை எடுத்தார்.

அவர் குனிந்தபோதுதான் ஜபலாக்கா பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"அப்படியே இருங்க சார். உங்க சட்டைக் காலர்ல லேபிள் எங்க? நாலு நூல் மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது?"

சார் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அது... வெட்டிட்டேன்."

"ஏன்?"

"குத்திக்கிட்டே இருந்துச்சு."

"அப்படிக் கேளுங்க நியாயத்தை!" ஜபலாக்காவின் குரல் கூடத்தின் மறுகோடிவரை போனது. "முப்பது வயசுத் தோலுக்கே குத்துதுன்னு கத்திரிக்கோல எடுத்தீங்களே, ரெண்டு நாள் பிள்ளை எந்தக் கத்திரிக்கோல எடுக்கும்?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியம்மா ஒரு ஜபலாவை எடுத்து உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதையே திருப்பி, தையலும் லேபிளும் இருந்த வெளிப்பக்கத்தைத் தேய்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது எப்பவும்போலவே போகட்டும். இந்தக்கா மெஷின்ல வேற யாரும் உக்கார வேணாம். பிரிச்சதை என்ன பண்றது?"

"நான் தச்சுடறேம்மா. ராத்திரிக்கு முன்னாடி முடிஞ்சிடும்" என்றாள் ஜபலாக்கா. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் எங்கே போகும்? இருபத்தாறு ஜபலாவின் துண்டுகளையும் வாரி எடுத்துச் சாரின் கையில் வைத்தாள்.

"பிரிச்ச இடத்துல எல்லாம் பிசிறு நூல் நிக்குது சார். ஒண்ணு விட்டாலும் பிள்ளையைக் குத்தும். ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க, நான் தைக்கிறேன்." கையை நீட்டிக் காட்டினாள். "நூல் வெட்டுற மேஜை அந்த மூலையில இருக்கு."